மூன்று அங்குலம் எங்கே போயிற்று

மருந்துக் கிடங்கில் அவளை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை, வேலையில் வந்த பெயர். மேல்தட்டிலிருந்து இருமல் மருந்துப் பெட்டியை இறக்க வேண்டுமானால் மற்றவர்கள் சக்கரம் வைத்த இரும்பு ஏணியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அது மூலையில் மாட்டிக்கொள்ளும், கிறீச்சிடும், ஒரு சக்கரம் சண்டித்தனம் பண்ணும். அதற்குள் இவள் கையை நீட்டிப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருப்பாள். புதிதாக வந்த மேலாளர் முதல் நாள் "ஏணி எங்கேப்பா?" என்று கேட்டதற்கு, "சாப்பிடப் போயிருக்கு சார்" என்று பதில் வந்ததாம். மனிதர் பாவம், ஒரு வாரம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

உயரம் அவளுக்கு அம்மா வழியில் வந்தது. அம்மாவோடு பிறந்த பெண்கள் மூன்று பேர். மூத்த பெரியம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். எந்த வீட்டுக்குப் போனாலும் நிலையில் இடித்துக்கொண்டு, நெற்றியில் ஒரு தழும்பு கடைசிவரை இருந்தது. நடுப் பெரியம்மா நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். அவளைக் கட்டிக்கொண்டவர் அவள் தோளுக்குத்தான் வருவார், குரல் மட்டும் ஏழடி. சின்னம்மா தையல் இயந்திர விற்பனைக்காரி, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடப்பாள். நாலு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. போட்டோ என்று யாராவது சொன்னால் போதும், கால்வரை தொங்குகிற உடுப்புக்குள்ளே முட்டி மடங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆள் மட்டும் நான்கு விரற்கடை இறங்கியிருப்பாள். வீட்டு ஆல்பத்தில் ஒரு படத்திலாவது அவர்களுடைய நிஜ உயரம் கிடையாது.

இவளுடைய கல்யாணப் படமும் அப்படித்தான். மாப்பிள்ளை கண்ணாடிக் கடைக்காரர். ஐந்தடி ஆறு. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து அளந்தே பழகியவர், எதையும் உத்தேசமாகச் சொல்லமாட்டார். "கொஞ்சம் உப்பு" என்றால் "எவ்வளவு?" என்பார். தன் பெண்டாட்டி ஆறடி ஒரு அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். அவருடைய கடை வாசல் ஆறடி மூன்று அங்குலம் என்பதும் மனப்பாடம். அப்படியும் அவள் கடைக்கு வரும்போதெல்லாம் நெற்றியை அந்த வாசலில் இடித்துக்கொள்வாள்.

"ரெண்டு அங்குலம் இடம் இருக்கே, எப்படி இடிக்கிறே? குதிச்சுக் குதிச்சு நடக்கிறியா?" என்பார்.

"உங்க கடைக்கு வர்ற சந்தோஷத்துல துள்ளுறேன்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

கிடங்குக்குப் பேருந்தில் போனால் கூரைக்குப் பயந்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நிற்கவேண்டும் என்றுதான் சைக்கிளைப் பிடித்தாள். பிடித்தவளை சைக்கிள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற சங்கத்தில் சேர்ந்தாள். சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் நெட்டை குட்டை யாருக்கும் தெரிவதில்லை, எல்லாரும் முதுகுதான். பெரிய சட்டம் போட்ட சைக்கிளை மெக்கானிக் அவள் காலை மிதிக்கவிட்டுப் பார்த்து இருக்கையை ஏற்றிக் கொடுத்தார். சைக்கிள் கச்சிதம். உடுப்புதான் வில்லங்கம்.

சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் வைக்கும். விடிந்ததும் புறப்பட்டுப் பதிமூன்று மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். அவளுக்கு அதை முடிக்கவேண்டும். வேறு ஆசை இல்லை.

முதல் வருஷம் பெரிய கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெண்கள் வரிசையிலேயே பெரிய அளவை எடுத்துப் போட்டார். போட்டுப் பார்த்தால், உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்க இடம் இருந்தது, நீளம் மட்டும் தொப்புளோடு நின்றுவிட்டது.

"மேடம், இதுக்கு மேல அளவு இல்லை."

"அகலம் வேண்டாங்க. நீளம் வேணும்."

"நீளம் வேணும்னா அகலமும் சேர்ந்துதான் வரும் மேடம்."

"அப்ப நெட்டையா இருக்கிறவங்க எல்லாம் குண்டாவும் இருக்கணுமா?"

விற்பனைக்காரர் அதை யோசித்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. "கம்பெனி அப்படித்தான் நினைக்குது" என்றார் வருத்தத்தோடு.

அதைப் போட்டுக்கொண்டு போனாள். குனிந்து கைப்பிடியைப் பிடித்ததும் சட்டை முதுகில் ஏறிக்கொண்டது. தோளில் பட்டை வைத்த கால்சட்டை, அந்தப் பட்டை இரண்டும் வில்லுக்கு நாண் கட்டியதுபோல் அவளைக் கீழே இழுத்தது. நூற்றிருபதாவது கிலோமீட்டரில் இடுப்புக்கு மேலே ஆறு விரல் அகலத்துக்கு வெயில் சுட்டு, தொட்டால் அலறும்படி ஆகிவிட்டது. இறங்கிவிட்டாள்.

இரண்டாம் வருஷம் ஆண்கள் உடுப்பு. நீளம் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் இடுப்பில் காற்று புகுந்து பாய்மரம்போல் உப்பியது. கால்சட்டையில் உட்காருகிற இடத்துக்குத் தைத்திருந்த பஞ்சுத் திண்டு ஆணின் உடம்புக்கு வெட்டியது. இவளுக்கு அது ஒரு இடத்தில் இருந்தது, எலும்பு ஒரு இடத்தில் இருந்தது. நூற்று நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். அதன் தலைமாட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றாள். உட்கார முடியாதே! ஏற்றிப்போக வந்த வண்டிக்குள் நிற்கவும் உயரம் போதாது. சைக்கிள்களுக்கு மேலே போர்வையை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு வந்தாள்.

சங்கத்தில் ஒரு விதி. இரண்டு முறை பாதியில் விட்டவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் நூறு கிலோமீட்டர் ஓட்டத்தோடு நின்றுகொள்ள வேண்டும். "நூறும் நல்ல ஓட்டம்தான்" என்றார் செயலாளர், ஆறுதலாக. அவர் ஆறுதல் சொன்ன அன்றுதான் அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

மூன்றாம் வருஷத்துக்கு, அளவு அனுப்பினால் ஆளுக்கென்றே தைத்து அனுப்புகிற நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அளவெடுத்தவர் வீட்டுக்காரர். கழுத்திலிருந்து தரை, கால் பிரியும் இடத்திலிருந்து தரை, தோள், கை எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு முறை சரிபார்த்து, எழுத்துத் தெளிவாக எழுதி அனுப்பினார். உடுப்பு வந்தது. துணி வெண்ணெய். தையல் அற்புதம். நீளம் மூன்று அங்குலம் குறைச்சல்.

தொலைபேசியில் அந்த நிறுவனத்துப் பெண் பொறுமையாகப் பேசினாள். "நீங்க அனுப்பின அளவுதாங்க, ஒரு இழைகூட மாத்தலை. படிச்சுக் காட்டட்டுமா?"

படித்துக் காட்டினாள். அவர் எழுதியதுதான், அச்சு அசல்.

"அப்ப நீங்கதான் தப்பா அளந்திருக்கீங்க" என்றாள் இவள், வீட்டுக்காரரைப் பார்த்து.

அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கண்ணாடி திரும்பி வந்ததில்லை. அன்றிலிருந்து டேப்பும் கையுமாக அலைந்தார். மேஜையை அளந்தார், கதவை அளந்தார், கட்டிலை அளந்தார், இரும்பு அளவுகோலோடு டேப்பை ஒட்டிவைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வீட்டுக்காரரின் அக்கா வந்தாள். அவளை ஊரெல்லாம் உறைக்காரி என்று சொல்லும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. பேருந்து இருக்கை, சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எதுவானாலும் உறை தைப்பாள். மனிதர்களுக்குத் தைத்ததில்லை. "அவங்க வாய் பேசுவாங்க, நாற்காலி பேசாது" என்பாள்.

தம்பி முகத்தையும் தம்பி பெண்டாட்டி முகத்தையும் பார்த்துவிட்டு, "என்னடா, வீட்ல யாரு செத்தது?" என்றாள்.

கதையைக் கேட்டதும் வந்த உடுப்பைக் கையில் வாங்கி, உள்ளும் புறமும் திருப்பி, தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். "நல்ல வேலைக்காரன். நானே தைக்கிறேன். சைக்கிளை உள்ளே கொண்டா."

"சைக்கிள் எதுக்கு அண்ணி? அளவுச்சீட்டு இருக்கே."

"சீட்டை நம்பி நான் ஒரு முக்காலிக்குக்கூடத் துணி வெட்டினதில்லை. சாமான் என் கண் முன்னால இருக்கணும். அதுமேல துணியைப் போட்டு ஊசி குத்துவேன். ஆள் உட்கார்ற சோபான்னா ஆளை உட்கார வச்சுத்தான் குத்துவேன்."

"ஆளையா?"

"துணியைடீ! ஏறு."

கூடத்தில் மேஜையை ஓரமாகத் தள்ளி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கிற தாங்கியில் சைக்கிளை நிறுத்தினார்கள். அவள் ஏறிக் குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள். உறைக்காரி வாயில் ஏழெட்டுக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றி வந்தாள். அக்கா வாயில் ஊசி இருக்கிறவரை திட்டு விழாது என்று தம்பிக்கு ஒரே நிம்மதி. அவர் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றார்.

"மிதி. கீழே வரைக்கும் மிதி. அப்படியே நில்லு." ஊசிக்கு நடுவே சத்தம் வந்தது. கால் நீண்டு நின்றது. உறைக்காரி டேப்பைப் பிடித்து அளவு சொன்னாள்.

எழுதப் போனவர் நிறுத்தினார். "தப்பு அக்கா. மூணு அங்குலம் கூடுது."

"நான் சொல்றதை எழுது."

"நான் ரெண்டு தடவை எடுத்தேன் அக்கா!"

"இறங்குடீ. தரையில நில்லு."

இறங்கி நின்றாள். உறைக்காரி மண்டியிட்டு அளந்தாள். மூன்று அங்குலம் குறைவு. மறுபடி ஏறச் சொன்னாள், மூன்று அங்குலம் அதிகம். இறங்கச் சொன்னாள், குறைவு. தம்பி டேப்பை உதறிப் பார்த்தார், என்னவோ அதற்குள் பூச்சி இருப்பதுபோல. உறைக்காரி மட்டும் மண்டியிட்டபடியே இருந்தாள். முகத்துக்கு நேரே தம்பி பெண்டாட்டியின் முட்டி. ஓட்டுகிற இறுக்கமான கால்சட்டை, எதையும் மறைக்காது. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

"ஏண்டீ முட்டியை மடக்கிறே?"

"மடக்கலையே."

"டேய், நீ பாரு."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மடங்கித்தான்மா இருக்கு."

அவளும் குனிந்து பார்த்தாள். மெய்தான்! தன் முட்டியைத் தானே திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கையால் அமுக்கி நிமிர்த்தினாள். டேப் பக்கத்தில் வந்ததும் அது தானாக மடங்கியது. யாரும் சொல்லவேண்டியதில்லை, கதவுமணி அடித்ததும் நாய் எழுந்திருப்பதுபோல. மூன்றாவது தடவை மடங்கியபோது உறைக்காரிக்குச் சிரிப்பு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா இந்த மூணு அங்குலத்தை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

தம்பி சுவரோரம் அவளை நிறுத்தி, உறைக்காரி இரண்டு முட்டியையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். முக்காலிமேல் ஏறித்தான் போட்டார். அளந்துவிட்டு முக்காலியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "ஆறடி நாலு."

அவள் திரும்பிச் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தாள். ஆறடி ஒன்றுக்கே வாழ்நாளெல்லாம் பதில் சொல்லியாகிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அதான் கடை வாசல் இடிக்குது!" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "என் வாசலும் சரி, என் டேப்பும் சரி, என் கையும் சரி. நீதான் தப்பு! கல்யாணத்துக்கு முன்னாடியே மூணு அங்குலத்தை மறைச்சுட்டே!"

"தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். எதையும் உத்தேசமாகச் சொல்லாத மனிதர். "வாசலை உசத்தி வச்சிருப்பேன்" என்றார்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, அளவெடுக்கும்போது முட்டியை மடக்கச் சொல்லி எனக்கு எப்ப கத்துக்கொடுத்தே?"

"நான் எங்கேடி கத்துக்கொடுத்தேன்? அது எங்க வீட்ல தானா வரும். உன் பெரியம்மாவுக்கு டாக்டர் முன்னாடிகூட மடங்கும்."

"இப்ப நீ நிக்கிறியா, உட்கார்ந்திருக்கியா?"

"நிக்கிறேன்."

"முட்டி?"

போனில் உடுப்பு சரசரக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. "அட கஷ்டகாலமே! போனுக்கு எதுக்குடி மடங்குது?"

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நீச்சல் உடைக்கு வைக்கிற இழுபடும் துணியில் கருநீலமாக ஒரு துண்டு உறைக்காரி வாங்கி வந்தாள். நிறுவனத்து உடுப்பிலிருந்த பஞ்சுத் திண்டை முள் எடுப்பதுபோல் பிரித்தெடுத்து, அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து, எலும்பு எங்கே அழுத்துகிறது என்று கையைக் கொடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தாள். ஒரே ஒரு சண்டைதான். தையலோரத்தில் கயிறு வைத்துத் தைக்காமல் உறைக்காரிக்கு ஒரு வேலையும் முடித்த திருப்தி வராது.

"உட்கார்ற இடத்துல கயிறு வேண்டாம் அண்ணி, செத்துடுவேன்."

"ஒரே ஒரு வரிசைடீ."

"அண்ணி!"

"சரி, கழுத்துலயாவது வச்சுக்கறேன்." கழுத்தில் வைத்தாள், மஞ்சளில்.

தைத்து முடித்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முதுகுப்பக்கம் வால்போல் தொங்குகிறது. முன்பக்கம் குட்டையாக நிற்கிறது. கை விரல் கணு வரை வருகிறது. தோள்பட்டை தொளதொளவென்று கிடக்கிறது.

"அண்ணி, இது கோமாளி மாதிரி இருக்கே."

"நிக்கிறதுக்கா தைச்சேன்? ஏறு."

ஏறிக் குனிந்தாள். வால் முதுகோடு படிந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. பட்டை தோளில் இருப்பதே தெரியவில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. அவள் தாங்கியில் நின்ற சைக்கிளைக் கால்மணி நேரம் மிதித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து நீட்டியதுகூடத் தெரியவில்லை.

ஓட்டத்தன்று வெயில் நன்றாகவே இருந்தது. நூறுவரை சொல்ல ஒன்றுமில்லை. நூற்றிருபதில் அவள் தன்னையறியாமல் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். துணி இருந்தது. நூற்று நாற்பத்தெட்டில் அந்தப் பாலம் வந்தது. போன வருஷம் சைக்கிளைச் சாய்த்த கைப்பிடிச் சுவர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பின்னால் ஓட்டிக்கொண்டு வந்த சங்கத்துப் பல் டாக்டர் ஒருவர், தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "கால் பிடிக்குது" என்றார்.

பாலம் தாண்டியதும் எதிர்க்காற்று. அங்கேதான் கணக்கு உதைத்தது. நூற்று எண்பதில் கடைசி நிறுத்தத்துக்கு வந்தபோது பாக்கி ஒரு மணி ஐந்து நிமிஷம். கால் கல்லாகக் கிடந்தது. ஆனால் அது ஓட்டியதில் வந்த வலி. உடுப்பில் வந்த வலி ஒன்றுகூட இல்லை. ஓட்டிய வலியோடு அவள் இதற்கு முன் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

தண்ணீர் ஊற்றிக் கொடுத்த சங்கத்துப் பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, தொங்குதே. ஒரு அளவு சின்னதா வாங்கியிருக்கலாம்ல?"

பிறந்ததிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை. குடித்த தண்ணீர் மூக்கில் ஏறும்படி சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண்மணி பயந்துபோய் வாழைப்பழத்தை நீட்டினாள். சிரித்துக்கொண்டே ஏறினவள், அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குக் காலைப்பற்றி நினைக்கவே இல்லை.

எல்லைக்கோட்டில் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. வினாடிவரை இன்றைக்கும் சொல்வார். செயலாளர் ஓடிவந்து கை கொடுத்தார். உறைக்காரி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், இடுப்பில் துணியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, வெயில் படாத தோலைப் பார்த்து, "ஏறலை" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு அங்கிருந்த திண்டில் போய் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திண்டின் உறை மோசமாகத் தைத்திருக்கிறது என்று செயலாளரிடம் சண்டை பிடித்தாள்.

முடித்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கையைத் தூக்கினார். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து உறைக்காரியின் குரல் வந்தது:

"முட்டீ!"

வரிசையில் நின்ற மற்ற முப்பது பேரும் குனிந்து அவரவர் முட்டியைப் பார்த்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்தாள்.

அந்தப் படம் கண்ணாடிக் கடையில் மாட்டியிருக்கிறது. முப்பது பேரின் உச்சந்தலையும், அவர்களுக்கு நடுவே கருநீல உடுப்பும் மஞ்சள் கழுத்துமாக ஒருத்தியும். அவள் மட்டும் சிரிப்போடு முடிந்துவிடுகிறாள், மூக்குக்கு மேலே படம் இல்லை. கண்ணாடி வாங்க வருகிறவர்கள், "இது யாருங்க, பாதி முகம்?" என்று கேட்பார்கள். "என் வீட்டுக்காரி. ஆறடி நாலு" என்பார் அவர். சொல்லிவிட்டு, புதிதாக உயர்த்திய வாசலைப் பார்ப்பார். ஆறடி ஆறு.